வீட்டுக்குள் கோழிக்குஞ்சு: உலர்ந்த பெட்டியே சுத்தமான பெட்டி

ஈஸ்ரர் காலம் வந்துவிட்டால் சுவிற்சர்லாந்தில் எங்கு பார்த்தாலும் கோழிக்குஞ்சுதான். கடைக் கண்ணாடிகளில் சொக்கலேற் குஞ்சு, பாலர் பாடசாலையில் கடதாசிக் குஞ்சு, சில வகுப்புகளில் அடைகாக்கும் கருவிக்குள் உண்மையான முட்டைகள். பிறிபூர்க் நகரின் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் பல ஆண்டுகளாக இந்தக் காலத்தில் குஞ்சுகள் பொரித்து வெளிவருவதைப் பிள்ளைகளுக்கு நேரில் காட்டி வந்திருக்கிறது. 21 நாட்கள் காத்திருந்து, ஓட்டை உடைத்துக்கொண்டு ஓர் உயிர் வெளியே வருவதைப் பார்த்த பிள்ளை வீட்டுக்கு வந்து கேட்கும் முதற் கேள்வி, "அம்மா, நாங்களும் வளர்ப்போமா?" என்பதுதான்.

தோட்டம் உள்ள வீட்டுக்கு மாறிய எமது குடும்பங்கள் சில இப்போது கோழி வளர்க்கத் தொடங்கியுள்ளன. ஊரில் வளர்த்த பழக்கம் பெற்றோருக்கு இருக்கிறது, ஆசை பிள்ளைகளுக்கு இருக்கிறது. ஆனால் ஊரில் குஞ்சுகள் முற்றத்தில் தாய்க்கோழியோடு வளர்ந்தன. இங்கே முதல் ஐந்தாறு வாரங்கள் அவை வீட்டுக்குள், எங்களோடு ஒரே காற்றைச் சுவாசித்துக்கொண்டு வளர வேண்டும். அதனால்தான் இந்த விடயத்தை எமது நலவாழ்வுப் பகுதியில் எழுதுகிறோம். குஞ்சின் உடல்நலமும் வீட்டில் உள்ள குழந்தையின் உடல்நலமும் அந்த ஒரு பெட்டியின் சுத்தத்தில் தங்கியிருக்கின்றன.

முதலில் யோசிக்க வேண்டியவை

குஞ்சு வாங்குவதற்கு முன் கீழ்வரும் நான்கு விடயங்களைக் குடும்பமாக இருந்து பேசி முடிவு செய்யுங்கள்.

1. ஆறு வாரங்களின் பின் இவை எங்கே போகும்? கோழி ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை வாழக்கூடிய பிராணி. தோட்டமும் கூடும் இல்லாத தொடர்மாடி வீட்டில் குஞ்சு வளர்க்கத் தொடங்குவது நல்லதல்ல. பொரிக்கும் குஞ்சுகளில் ஏறத்தாழ அரைவாசி சேவல்கள். அதிகாலையில் கூவும் சேவலை அயலவர்கள் எத்தனை நாட்களுக்குப் பொறுப்பார்கள் என்பதையும் யோசியுங்கள்.

2. வாடகை வீடு என்றால் ஒப்பந்தத்தை வாசித்து, வீட்டு உரிமையாளரின் அனுமதியை எழுத்தில் பெறுங்கள். கவுஸ்வார்ட் வாய்மொழியாக "பரவாயில்லை" என்று சொன்னது பின்னர் பிரச்சினை வந்தால் உதவாது.

3. சுவிஸில் 2010ஆம் ஆண்டிலிருந்து கோழி வளர்ப்பவர்கள் அனைவரும், பொழுதுபோக்காக இரண்டு மூன்று வைத்திருப்பவர்கள் உட்பட, தமது மாநில அலுவலகத்தில் பதிவு செய்ய வேண்டும். தொற்றுநோய் ஒன்று பரவினால் எங்கெங்கே பறவைகள் இருக்கின்றன என்று அதிகாரிகள் அறிந்திருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம்.

4. ஒரு குஞ்சை மட்டும் வாங்காதீர்கள். கூட்டமாக வாழும் பிராணிகளைத் தனிமையில் வைக்கக் கூடாது என்று இந்நாட்டு விலங்குப் பாதுகாப்புச் சட்டவிதிகள் கூறுகின்றன. தனிக்குஞ்சு நாள் முழுவதும் கத்தும், சரியாக உண்ணாது. ஐந்து அல்லது ஆறு குஞ்சுகள் ஒரு குடும்பத்துக்கு அளவானவை.

கோழிகளைச் சிறு கம்பிக் கூடுகளில் அடைத்து வளர்ப்பதை உலகில் முதலில் தடைசெய்த நாடு சுவிற்சர்லாந்து. அந்தத் தடை 1992இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. கோழியைப் பற்றி இங்குள்ளவர்கள் எவ்வளவு கவனமாக இருக்கிறார்கள் என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

தாய்க்கோழி என்ன செய்கிறது?

ஊரில் அடைக்கோழி குஞ்சு பொரித்தால் காகமும் பருந்தும் கொண்டுபோகாமல் தாயையும் குஞ்சுகளையும் கரப்பால் மூடி வைப்போம். சூட்டைத் தாயின் உடல் கொடுத்தது. கோழியின் உடல் வெப்பநிலை ஏறத்தாழ 41 பாகை. குளிர்ந்தால் குஞ்சு செட்டைக்குள் புகும், சூடானால் வெளியே ஓடும். எச்சத்தை மண் உறிஞ்சியது, வெயில் உலர்த்தியது. கரப்பை ஒவ்வொரு நாளும் வேறு இடத்தில் வைத்ததால் குஞ்சுகள் தமது அழுக்கின் மேலேயே நிற்கவில்லை.

வீட்டுக்குள் வைக்கும் பெட்டி இந்த வேலைகள் எல்லாவற்றையும் செய்ய வேண்டும். ஒரு பக்கம் சூடு, மறுபக்கம் குளிர்ச்சி, கீழே ஈரத்தை உறிஞ்சும் படுக்கை, மேலே காற்றோட்டம். இவற்றுள் மிக முக்கியமானது ஈரமில்லாமல் இருப்பது. மணம், கிருமி, பூஞ்சணம், குஞ்சுகளின் வயிற்று நோய் ஆகிய எல்லாவற்றுக்கும் ஈரம்தான் தொடக்கம். பெட்டி உலர்ந்திருந்தால் கழிவும் குறையும். ஏனென்றால் உலர்ந்த படுக்கையை அடிக்கடி முழுவதுமாக மாற்றி எறிய வேண்டியதில்லை.

எங்கே வைப்பது?

குசினியில் வைக்கவே கூடாது. உணவு சமைக்கும், பரிமாறும், சேமிக்கும் இடத்துக்கும் கோழிக்குஞ்சுக்கும் தொடர்பே இருக்கக் கூடாது. இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, எச்சத்தில் உள்ள கிருமிகள் தூசியோடு பறந்து பாத்திரங்களில் படியும். இரண்டாவது, எங்கள் சமையல் குஞ்சுகளுக்கு ஆகாது. பறவைகளின் சுவாச உறுப்புகள் மிகவும் மென்மையானவை. செத்தல் மிளகாய் வறுக்கும் புகை எங்களுக்குத் தும்மலை வரவைக்கும், குஞ்சுக்கு மூச்சையே அடைக்கும். ரெஃப்லோன் பூசிய தாச்சி வெறுமையாக அடுப்பில் அளவுக்கு மிஞ்சிச் சூடேறினால் வெளிவரும் வாயு, மனிதருக்குத் தெரியாமலேயே பறவைகளைக் கொன்றுவிடும். சாம்பிராணி, ஊதுபத்தி, வாசனைத் தெளிப்பான்கள் ஆகியவற்றையும் குஞ்சுகள் இருக்கும் அறையில் தவிர்க்க வேண்டும்.

படுக்கையறையும் ஏற்றதல்ல. குஞ்சுகள் வளரும்போது செட்டையிலிருந்தும் தோலிலிருந்தும் வெண்ணிறத் தூசி நிறைய உதிரும். ஆஸ்துமா உள்ளவர்களுக்கு இது நல்லதல்ல. யன்னல் உள்ள, சிறுவர் அடிக்கடி போய்வராத, கதவைப் பூட்டக்கூடிய ஒரு சிறு அறை நல்லது. வெளிச்சமும் காற்றும் உள்ள சொந்தக் கெல்லரும் பயன்படும். பலர் பொதுவாகப் பயன்படுத்தும் கெல்லரிலோ வாஷ்கூக்கேயிலோ வைக்காதீர்கள். நேர் வெயில் படும் யன்னலோரமும் ஆபத்தானது. பெட்டிக்குள் சில நிமிடங்களில் சூடு ஏறிவிடும்.

பெட்டி

மட்டைப்பெட்டி மலிவானது. ஆனால் தண்ணீர் பட்டால் ஊறி, அடியில் பூஞ்சணம் பிடிக்கும். கழுவக்கூடிய பெரிய பிளாஸ்ரிக் பெட்டி ஒன்று பல ஆண்டுகளுக்கு உதவும். புதிதாக வாங்க வேண்டும் என்றில்லை. புறோக்கன்ஹவுஸ் எனப்படும் பழைய பொருட் கடைகளில் பெட்டிகள் குறைந்த விலையில் கிடைக்கும். சூடாக்கும் தட்டு, தீன் பாத்திரம் முதலியவற்றை ஊர்களில் உள்ள சிறுவிலங்கு வளர்ப்போர் சங்கங்களிடம் இரவல் கேட்டுப் பாருங்கள். ஆண்டில் ஆறு வாரங்கள் மட்டும் தேவைப்படும் பொருளைச் சொந்தமாக வாங்கி வைப்பதில் பயனில்லை.

ஆறு குஞ்சுகளுக்கு முதல் இரண்டு வாரங்களுக்கு 80 சென்ரிமீற்றர் நீளமும் 40 சென்ரிமீற்றர் அகலமும் உள்ள பெட்டி போதும். மூன்றாம் வாரத்திலிருந்து அதைப்போல் இரு மடங்கு இடம் வேண்டும். அப்போது இன்னொரு பெட்டியை அருகில் வைத்து, இரண்டிலும் வாசல் வெட்டி இணைக்கலாம். இடம் போதாவிட்டால் குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். படுக்கையும் விரைவில் நனைந்துவிடும்.

உயரம் 40 சென்ரிமீற்றருக்குக் குறையக் கூடாது. இரண்டாம் வாரத்திலேயே குஞ்சுகள் பறந்து விளிம்பில் ஏறி நிற்கும். மூடியாக இறுக்கமான பலகை வேண்டாம். கம்பிவலையை ஒரு சட்டத்தில் அடித்து மேலே வையுங்கள். ஈரமான காற்று மேலால் வெளியேற வேண்டும்.

சூடு: விளக்கா, தட்டா?

முன்பு எல்லோரும் சிவப்பு நிற வெப்ப விளக்கைத்தான் பயன்படுத்தினார்கள். இப்போது கடைகளில் குஞ்சுகளுக்கான சூடாக்கும் தட்டு கிடைக்கிறது. நான்கு கால்களில் நிற்கும் இந்தத் தட்டின் கீழே, தாயின் செட்டைக்குள் புகுவதுபோல் குஞ்சுகள் புகுந்துகொள்ளும். ஜேர்மன் மொழியில் இதை வேர்மெபிளாட்டெ என்று கேட்க வேண்டும்.

இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 250 வாற் விளக்கு இரவு பகலாக எரிந்தால் ஒரு நாளைக்கு 6 அலகு மின்சாரம் செலவாகும். ஐந்து வாரங்களுக்கு 210 அலகு. 30 வாற் தட்டு ஒன்றுக்கு அதே ஐந்து வாரங்களில் ஏறத்தாழ 25 அலகுதான். ஓர் அலகு 30 ரப்பன் என்று வைத்துக்கொண்டால், விளக்குக்கு 63 பிராங், தட்டுக்கு எட்டு பிராங்குக்கும் குறைவு.

பணத்தைவிட முக்கியமானது தீ. விளக்கு கழன்று மரச்சீவல் மேல் விழுந்தால் தீப்பற்றும். பல குடும்பங்கள் உறங்கும் கட்டடத்தில் அந்த ஆபத்தை எடுக்கக் கூடாது. சில வெப்ப விளக்குகளின் கண்ணாடியில் ரெஃப்லோன் போன்ற பூச்சு இருப்பதும் உண்டு. அது பறவைகளுக்கு நஞ்சு. மேலும், விளக்கு என்றால் இரவிலும் வெளிச்சம். கோழிகளுக்கு ஒரு நாளில் 16 மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் நீடிக்கும்படி செயற்கையாகச் செய்யக் கூடாது என்பது சுவிஸ் விதி. முதல் மூன்று நாட் குஞ்சுகளுக்கு மட்டுமே அதில் விலக்கு உண்டு. தட்டுக்கு வெளிச்சம் இல்லை. குஞ்சுகள் இருட்டில் நன்றாக உறங்கும்.

குஞ்சுகள் இருக்கும் உயரத்தில் வெப்பமானி வைத்துப் பின்வருமாறு கவனியுங்கள்.

முதலாம் வாரம்: சூடான பக்கத்தில் 32 முதல் 35 பாகை
இரண்டாம் வாரம்: 29 முதல் 32 பாகை
மூன்றாம் வாரம்: 26 முதல் 29 பாகை
நான்காம் வாரம்: 23 முதல் 26 பாகை
ஐந்தாம் வாரம்: 20 முதல் 23 பாகை
ஆறாம் வாரம்: அறை வெப்பம் போதும்

இந்த எண்கள் விளக்குக்கு உரியவை. தட்டைப் பயன்படுத்துபவர்கள் குஞ்சின் முதுகு தட்டின் அடியைத் தொடும் உயரத்தில் வைத்து, குஞ்சு வளர வளரக் கால்களை உயர்த்தினால் போதும். எந்தக் கருவியாக இருந்தாலும் குஞ்சுகளே சரியான வெப்பமானி. எல்லாம் ஒன்றாகக் குவிந்து உரத்துக் கத்தினால் குளிர். சுவரோரமாக ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் சூடு அதிகம். பரவலாகத் திரிந்து மெல்லிய குரலில் பேசிக்கொண்டிருந்தால் எல்லாம் சரி. சூடு பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்க வேண்டும். மறுபக்கம் குஞ்சுகள் ஓடி ஆறுவதற்கு உரியது.

படுக்கை

புதினப் பத்திரிகைத் தாளை மட்டும் விரிக்காதீர்கள். வழுவழுப்பான தாளில் சிறு குஞ்சின் கால்கள் இரு பக்கமும் விரிந்து, நிற்க முடியாமல் ஊனமாகிவிடும். மிக நுண்ணிய மரத்தூளும் கூடாது. அதைக் குஞ்சு தின்னும், தூசி நுரையீரலுக்குள் போகும். தூசி நீக்கிய மரச்சீவல், அதாவது ஹோபெல்ஷ்பேனே, ஐந்து சென்ரிமீற்றர் தடிப்பில் போடுங்கள். சணற் செடியின் தண்டுச் சீவலான ஹன்ஃப் ஐன்ஸ்ட்ரொய் இன்னும் நன்றாக ஈரத்தை உறிஞ்சும். லண்டி போன்ற கடைகளில் இவற்றைத் தேடலாம். கடும் மணமுள்ள மரங்களின் சீவலைத் தவிருங்கள்.

முதல் இரண்டு மூன்று நாட்களுக்கு சீவலின் மேல் குசினிக் கடதாசியை விரித்து வையுங்கள். எது தீன், எது சீவல் என்று குஞ்சு பழகும்வரைதான் இது. பழைய துவாயை விரித்துத் துவைத்துத் துவைத்துப் பாவிக்கலாமே என்று சிலர் எண்ணலாம். குப்பை குறையும் என்பது உண்மைதான். ஆனால் துவாயின் நூல்களில் குஞ்சின் விரல்கள் சிக்கும். எச்சம் பட்ட துணியை, பக்கத்து வீட்டுக் குழந்தையின் உடுப்புத் துவைக்கும் அதே வாஷ்கூக்கே இயந்திரத்தில் போடுவதும் முறையல்ல. இந்த இடத்தில் உக்கக்கூடிய கடதாசியே நல்லது.

படுக்கையை நாள்தோறும் முழுவதுமாக மாற்ற வேண்டியதில்லை. ஈரமான இடத்தையும் எச்சம் கட்டியாகிய இடத்தையும் மட்டும் ஒரு சிறு அகப்பையால் அள்ளி எடுத்து, அந்த இடத்தில் புதுச் சீவல் போடுங்கள். மீதியைக் கிளறி விடுங்கள். வாரம் ஒரு முறை முழுவதையும் மாற்றினால் போதும். பெட்டிக்குள் குனிந்து, குஞ்சின் உயரத்தில் மூக்கை வைத்துப் பாருங்கள். கண்ணோ மூக்கோ எரிந்தால் அது அமோனியா. எச்சமும் ஈரமும் சேர்ந்தால் உண்டாகும் வாயு அது. உங்களுக்கு ஒரு நொடி எரிந்தது குஞ்சுக்கு இருபத்துநாலு மணி நேரமும் எரிகிறது. உடனே படுக்கையை மாற்றுங்கள்.

தண்ணீரும் தீனும்

பெட்டி நனைவதற்குப் பெரும்பாலும் எச்சத்தைவிடத் தண்ணீர்ப் பாத்திரமே காரணம். குஞ்சு அதில் ஏறி நிற்கும், சீவலைக் கிளறி அதற்குள் தள்ளும். இதற்கு வழி எளிது. பாத்திரத்தை ஒரு ஓடு அல்லது சிறு மரப்பலகையின் மேல், குஞ்சின் முதுகு உயரத்துக்கு வையுங்கள். முதல் வாரம் தண்ணீர்த் தட்டில் கண்ணாடிக் குண்டுகளையோ சுத்தமான கூழாங்கற்களையோ போட்டால் குஞ்சு விழுந்து மூழ்காது. இரண்டாம் வாரத்திலிருந்து கொத்தினால் மட்டும் துளி விழும் முலைக்குழாய்ப் போத்தலைப் பழக்கினால் ஈரம் பெருமளவு குறையும். தண்ணீரை நாளில் இரு முறை மாற்றுங்கள். சூடான பக்கத்தில் வைக்காதீர்கள். சூட்டில் கிருமி விரைவாகப் பெருகும்.

தீனைப் பொறுத்தவரை, ஊரில் குறுணலும் தேங்காய்ப்பூவும் போட்டு வளர்த்தோம். அங்கே குஞ்சுகள் முற்றத்தில் கறையானும் புழுவும் புல்லும் கொத்தித் தின்று மீதிச் சத்தைத் தாமே தேடிக்கொண்டன. பெட்டிக்குள் அது முடியாது. அரிசி மட்டும் கொடுத்தால் புரதமும் உயிர்ச்சத்தும் போதாமல் கால்கள் வலுவிழக்கும். 18 முதல் 20 வீதம் வரை புரதம் உள்ள குஞ்சுத்தீனை, அதாவது க்யூக்கன்ஃபுட்டரை, வாங்குங்கள். முட்டையிடும் கோழிகளுக்கான தீனைக் கொடுக்கக் கூடாது. அதில் முட்டையோட்டுக்காகச் சேர்த்த சுண்ணாம்புச் சத்து குஞ்சின் சிறுநீரகத்தைப் பாதிக்கும்.

ஒரு குஞ்சு ஆறு வாரத்தில் ஏறத்தாழ ஒரு கிலோ தீன் உண்ணும். ஆறு குஞ்சுகளுக்கு ஆறு ஏழு கிலோ போதும். மலிவு என்று 25 கிலோ மூட்டை வாங்கினால் மீதி பூச்சி பிடித்துக் குப்பைக்குத்தான் போகும். தீன் பாத்திரத்தை அரைவாசிக்கு மேல் நிரப்பாதீர்கள். அதையும் முதுகு உயரத்தில் வைத்தால் கிளறிச் சிந்துவது குறையும்.

வீட்டில் மிஞ்சிய சோறு கறியைப் போடாதீர்கள். சமையலறை மீதிகளைப் பண்ணை விலங்குகளுக்குத் தீனாகக் கொடுப்பது 2011 முதல் இங்கே தடைசெய்யப்பட்டுள்ளது. மஞ்சள் தண்ணீர் கொடுத்தால் நோய் வராது என்று நம்பிச் சுத்தம் செய்வதை விட்டுவிடாதீர்கள். வெங்காயம் பறவைகளுக்கு நல்லதல்ல.

நாளாந்த வேலைகள்

காலை: தண்ணீர்ப் பாத்திரத்தைக் கழுவி நிரப்புதல், தீன் போடுதல், ஒவ்வொரு குஞ்சையும் பார்த்தல், ஈரச் சீவலை அள்ளுதல்.

மாலை: தண்ணீர் மாற்றுதல், ஈரச் சீவலை அள்ளுதல், வெப்பத்தைப் பார்த்தல்.

வாரம் ஒரு முறை: குஞ்சுகளை மட்டைப்பெட்டி ஒன்றுக்கு மாற்றிவிட்டு, படுக்கை முழுவதையும் அகற்றி, பெட்டியைச் சுடுநீராலும் சவர்க்காரத்தாலும் கழுவி, நன்றாக உலர்த்திப் புதுப் படுக்கை போடுதல்.

இந்த வேலைகளுக்கென்று ஒரு வாளி, ஒரு தூரிகை, ஒரு மேலங்கி, ஒரு சோடிச் செருப்பு தனியாக இருக்க வேண்டும். குசினித் தொட்டியில் எதையும் கழுவாதீர்கள். வாளியில் கழுவி, அழுக்கு நீரை மலசலகூடத்தில் ஊற்றிவிடுங்கள். கிருமிநாசினி பாவிப்பதானால், அழுக்கைக் கழுவி அகற்றிய பின்னரே பாவிக்க வேண்டும். அழுக்கின் மேல் ஊற்றினால் அது வேலை செய்யாது. ஜாவெல் நீரை எச்சத்தின் மேல் நேரடியாக ஊற்றவோ, வினாகிரியோடு அல்லது சுண்ணாம்பு நீக்கும் திரவத்தோடு கலக்கவோ கூடாது. நச்சு வாயு உண்டாகும்.

மனிதருக்கு வரும் நோய்

இப்பகுதியைத் தயவுசெய்து கவனமாக வாசியுங்கள். துறுதுறுவென்று ஓடித்திரியும், பார்ப்பதற்கு முழுச் சுகமான குஞ்சின் எச்சத்திலும் சல்மொனெல்லா கிருமி இருக்கலாம். கிருமி செட்டையிலும் காலிலும் ஒட்டி, அங்கிருந்து பிள்ளையின் கைக்கும் வாய்க்கும் போகும். அமெரிக்காவில் 2020ஆம் ஆண்டில், பெருந்தொற்றினால் வீட்டில் இருந்த மக்கள் பெருமளவில் குஞ்சு வளர்க்கத் தொடங்கியபோது, வீட்டுக் கோழிகளால் சல்மொனெல்லா தொற்றியவர்கள் என்று 1722 பேர் பதிவானார்கள். அவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தை. கம்பிலோபக்ரர் என்ற இன்னொரு கிருமியும் கோழிகளின் குடலில் வாழ்கிறது. சுவிஸில் ஆண்டுதோறும் பல ஆயிரம் பேருக்கு அது வயிற்றோட்டத்தைக் கொடுக்கிறது. பெரும்பாலும் அது கோழி இறைச்சி மூலமே வருகிறது என்றாலும் உயிருள்ள கோழியிலிருந்தும் வரலாம்.

ஆகவே பின்வரும் விதிகளைக் கடைப்பிடியுங்கள்.

1. ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் குஞ்சைத் தொட விடாதீர்கள். பார்க்கலாம், பெயர் வைக்கலாம், தொடக் கூடாது. பெரிய பிள்ளைகள் பெரியவர் ஒருவர் அருகில் இருக்கும்போது மட்டும் தூக்கலாம்.

2. குஞ்சை முத்தமிடுவதும் முகத்தோடு அணைப்பதும் கூடாது. படம் எடுப்பதற்காகவும் வேண்டாம்.

3. தொட்டவுடன் சவர்க்காரம் போட்டு 20 விநாடிகள் கை கழுவ வேண்டும். பெட்டியையோ பாத்திரத்தையோ தொட்டாலும் இதே விதிதான்.

4. குஞ்சு இருக்கும் அறையில் எதையும் உண்ணவோ குடிக்கவோ கூடாது.

5. கர்ப்பிணிகள், 65 வயதைக் கடந்தவர்கள், நீரிழிவு உள்ளவர்கள், புற்றுநோய்ச் சிகிச்சை பெறுபவர்கள், உறுப்பு மாற்றுச் சிகிச்சை செய்தவர்கள் ஆகியோர் பெட்டியைத் துப்புரவு செய்யும் வேலையைச் செய்ய வேண்டாம். அம்மம்மாவுக்குக் கோழி வளர்ப்பில் எவ்வளவு அனுபவம் இருந்தாலும், அவர் கதிரையில் இருந்து சொல்லித் தரட்டும், மற்றவர்கள் செய்யட்டும்.

6. கைக்குழந்தை உள்ள வீட்டில், குஞ்சு வேலை செய்தவர் உடுப்பு மாற்றிக் கை கழுவிய பின்னரே குழந்தையைத் தூக்க வேண்டும். குழந்தை குஞ்சைத் தொடாமலேயே பெரியவரின் கையாலும் உடுப்பாலும் நோய் வரலாம். இப்படியான வீட்டில் குஞ்சு வளர்ப்பதை ஓரிரு ஆண்டுகள் தள்ளிப் போடுவதே சிறந்தது.

காய்ச்சல், வயிற்றுவலி, வயிற்றோட்டம், சத்தி ஆகியன வந்தால் வைத்தியரிடம் வீட்டில் குஞ்சு இருக்கிறது என்று சொல்ல மறக்காதீர்கள். இதைச் சொன்னால்தான் சரியான பரிசோதனையைச் செய்வார். மலத்தில் இரத்தம் கண்டாலோ, குழந்தை சோர்ந்து சிறுநீர் கழிப்பது குறைந்தாலோ, தாமதிக்காமல் குழந்தை வைத்தியரிடம் அல்லது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 144ஐ அழையுங்கள்.

பறவைக் காய்ச்சலைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022 நவம்பரில் சூரிச் மாநிலத்தின் சொய்சாக் என்னும் ஊரில், பொழுதுபோக்காகப் பறவை வளர்க்கும் இடமொன்றில் இந்நோய் கண்டறியப்பட்டது. காட்டு நீர்ப்பறவைகளே பெரும்பாலும் இதைக் கொண்டுவருகின்றன. ஏரிக்கரையில் நடந்துவிட்டு வந்த அதே சப்பாத்தோடு குஞ்சு அறைக்குள் போகாதீர்கள்.

குஞ்சு நோயுற்றால்

செட்டையைத் தொங்கவிட்டு, கண்ணை மூடி, கூட்டத்தை விட்டு விலகி நிற்கும் குஞ்சு நோயுற்ற குஞ்சு. முதல் வாரத்தில் பின்பக்கத்தில் எச்சம் காய்ந்து ஒட்டி வாசல் அடைபடலாம். இளஞ்சூட்டு நீரில் நனைத்த பஞ்சால் மெதுவாக இளக்கி எடுத்து, உடனே உலர்த்திவிடுங்கள். இழுத்துப் பிய்க்காதீர்கள். மூன்று முதல் ஆறு வாரங்களுக்குள் எச்சத்தில் இரத்தம் தெரிந்தால் அது கொக்சிடியா எனப்படும் குடல் ஒட்டுண்ணியாக இருக்கலாம். அதன் முட்டைகள் ஈரமும் சூடும் உள்ள படுக்கையில் ஓரிரு நாட்களில் தொற்றும் நிலையை அடைகின்றன. நாள்தோறும் ஈரச் சீவலை அள்ளச் சொல்வது இதற்காகவும்தான். எச்சத்தில் சிறிதளவை எடுத்துக்கொண்டு விலங்கு வைத்தியரிடம் செல்லுங்கள். வீட்டில் உள்ள மனிதரின் மருந்துகளைக் கொடுக்கக் கூடாது.

கழிவை என்ன செய்வது?

இந்நாட்டில் குப்பைக்கும் காசு. சூரிச்சில் கட்டணக் குப்பைப்பை 1993இலேயே வந்துவிட்டது. அழுக்குச் சீவல் முழுவதையும் பையில் போட்டால் பணமும் போகும், நல்ல பசளையும் எரிந்துபோகும். தோட்டம் உள்ளவர்கள் மூடியுள்ள பசளைத் தொட்டியில் இலை சருகோடு கலந்து உக்க விடுங்கள். குறைந்தது ஆறு மாதங்களாவது உக்கிய பின்பே காய்கறிப் பாத்திக்குப் போட வேண்டும். பச்சையாக உண்ணும் சலாட், கொத்தமல்லி ஆகியவற்றுக்கு இன்னும் கூடுதலாகக் காத்திருங்கள். பல்கனியில் உள்ள கறிவேப்பிலைச் சாடிக்குப் புதிய எச்சத்தைப் போட்டால் வேர் கருகிவிடும்.

நகராட்சியின் பச்சைக் கழிவுத் தொட்டியில் விலங்கு எச்சம் போடலாமா என்பது ஊருக்கு ஊர் வேறுபடும். கெமைன்டேயில் கேட்டுவிட்டுப் போடுங்கள். குஞ்சு இறந்தால் குப்பைத் தொட்டியில் போடாமல், இறந்த விலங்குகளைப் பொறுப்பேற்கும் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். சிறு பிராணிகளைச் சொந்த நிலத்தில் புதைக்கவும் அனுமதி உண்டு.

வெளியே அனுப்பும் காலம்

ஐந்தாறு வாரத்தில் குஞ்சின் மென்மயிர் முழுவதும் உதிர்ந்து செட்டை மூடிவிடும். ஈஸ்ரரை ஒட்டிப் பொரித்த குஞ்சுகள் பொதுவாக மே மாத நடுப்பகுதிக்குப் பின் இந்த நிலையை அடையும். மே 12 முதல் 15 வரையான நாட்களை இங்குள்ள தோட்டக்காரர் ஐஸ்ஹைலிகே என்பார்கள். அதுவரை இரவில் உறைபனி வரலாம் என்பது அவர்கள் கணக்கு. எனவே அந்நாட்கள் கழியும்வரை பொறுத்திருங்கள். அதற்கு முன் ஒரு வாரம் பகலில் மட்டும், பூனையும் நரியும் அணுகாத வலைக்குள் விட்டுப் பழக்குங்கள். இரவில் உறுதியாகப் பூட்டும் கூடு தயாராக இருக்கட்டும்.

குஞ்சுகள் போனதும் பெட்டியைக் கழுவி, வெயிலில் உலர்த்தி, அடுத்த குடும்பத்துக்குக் கொடுங்கள். வளர்க்க விரும்புபவர்கள் அப்பன்சல் கொண்டைக் கோழி, அப்பன்சல் தாடிக் கோழி, சுவிஸ் கோழி ஆகிய இந்நாட்டு இனங்களையும் எண்ணிப் பாருங்கள். அருகிவரும் வளர்ப்பு விலங்கினங்களைக் காப்பதற்கு 1982இல் தொடங்கப்பட்ட புரோஸ்பேசியேராரா அமைப்பு இவற்றைப் பேணிவருகிறது. இந்தக் குளிருக்கு இவை பழகியவை.

அன்பான பெற்றோர்களே, வீட்டில் இடமும் நேரமும் தோட்டமும் இல்லாவிட்டால் பிள்ளையிடம் "இப்போது முடியாது" என்று சொல்வதில் தவறில்லை. பிள்ளையை ஒரு பண்ணைக்கோ அருங்காட்சியகத்துக்கோ அழைத்துச் செல்லுங்கள். வளர்ப்பதென்று முடிவு செய்தால், காலையில் ஈரச் சீவலை அள்ளும் வேலையைப் பத்து வயதைக் கடந்த பிள்ளையிடம் ஒப்படைத்து, அது முடிந்ததும் சரியாகக் கை கழுவுகிறதா என்பதை மட்டும் நீங்கள் நின்று பாருங்கள்.